அட்டையும் வைத்தியனும்

ஆங்கில பாஷையில் ‘லீச்’ என்று ஒரு சொல் இருக்கிறது. இன்று அதைக் கேட்கும் எவருக்கும், மழைக்காலத்து மலைப்பாதையில் காலைப் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும் அட்டையே நினைவுக்கு வரும். ஆயினும் அறுநூறு எழுநூறு ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தின் ஒரு கிராமத்தில் நோயாளியின் வீட்டார் லீச்சை அழைத்து வரும்படி ஆளனுப்பினார்களானால், அவர்கள் வாசலில் நின்று வழிபார்த்துக் காத்திருந்தது வைத்தியனுக்காக. இந்த இரண்டு பொருள்களையும் ஒரே முடிச்சாகப் போட்டு, அக்காலத்து ஐரோப்பிய வைத்தியன் எந்த நோய்க்கும் அட்டையை விட்டு இரத்தம் வாங்குவதைத் தவிர வேறு சிகிச்சை அறியாதவனாயிருந்தமையால், அந்தப் புழுவின் பெயரையே ஜனங்கள் அவனுக்கும் சூட்டிவிட்டார்கள் என்று ஒரு விளக்கம் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. பள்ளிக்கூடங்களில் இது சொல்லப்படுகிறது. பத்திரிகைத் துணுக்குகளில் அச்சாகிறது. படித்தவர்கள் கூடிய சபைகளில் வைத்திய சரித்திரத்தைப் பற்றிப் பேச எழுகிறவர்கள் சபையோரைச் சிரிக்க வைப்பதற்காக இதை எடுத்து வீசுகிறார்கள். கேட்டவுடனே உண்மையென்று தோன்றும் இந்த விளக்கம் முழுவதும் பிழையானது என்பதும், புழுவும் வைத்தியனும் உண்மையில் உறவுடையவர்களானால் வைத்தியனிடமிருந்துதான் புழு பெயரை வாங்கியிருக்கவேண்டும் என்பதுமே என் கட்சி.

நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தபோது, அமெரிக்க ஆசிரியரான நத்தானியேல் ஹாதார்ன் 1850இல் வெளியிட்ட ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ என்ற நாவல் எங்களுக்குப் பாடமாயிருந்தது. அதன் ஒன்பதாம் அத்தியாயத்துக்கு ‘லீச்’ என்றும், பத்தாம் அத்தியாயத்துக்கு ‘லீச்சும் அவனுடைய நோயாளியும்’ என்றும் தலைப்பு. ரோஜர் சில்லிங்வொர்த் என்ற வைத்தியன், டிம்ஸ்டேல் என்ற பாதிரியாருடன் ஒரே வீட்டில் குடியிருந்து, மருந்து கொடுக்கும் வியாஜத்தில் அவருடைய உள்ளத்து இரகசியத்தைத் துருவித் துருவி, அவருடைய ஜீவனையே தேய்த்துவிடுகிற பகுதி அது. எங்கள் ஆசிரியர் நிறையப் படித்தவர், மாணவர்களிடத்தில் அன்புடையவர். அந்த இடத்தில்தான் அட்டைக் கதையைச் சொன்னார். வகுப்பு முழுவதும் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது, நானும் எழுதிக்கொண்டேன், பிற்பாடு பல ஆண்டுகள் அதைப் பிறருக்கும் சொல்லி வந்தேன். ஆகையால் இக்கட்டுரையை நான் யாரையும் பழிப்பதற்காக எழுதவில்லை. நான் பரப்பிய ஒரு பிழையை என்னால் இயன்ற அளவு திரும்பப் பெற்றுக்கொள்வதற்காகவே எழுதுகிறேன்.

ஒரு சொல்லின் பிறப்பை அறிய வேண்டுமானால், அந்தச் சொல் இன்று உட்கார்ந்திருக்கும் வீட்டிலேயே விசாரித்துக்கொண்டிராமல், அதன் தாயாதிகள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் புறப்படவேண்டும். ஆங்கிலம் ஜெர்மானிய பாஷைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்குச் சகோதர பாஷைகள் பல உண்டு. பழைய ஆங்கிலத்தில் வைத்தியனுக்கு ‘லேச்சே’ என்று பெயர். ஸ்வீடன் தேசத்தில் இன்றைக்கும் டாக்டரை ‘லேக்கரே’ என்கிறார்கள். நோயைக் குணப்படுத்துவதற்கு ‘லேக்கா’ என்பது வினைச்சொல். நார்வேக்காரர்கள் ‘லேகெ’ என்றும், ஐஸ்லாந்துக்காரர்கள் ‘லைக்னிர்’ என்றும் வழங்குகிறார்கள். இவையெல்லாவற்றுக்கும் முந்திய சாட்சியம் கோத்தியர் என்ற ஜாதியாரின் பாஷையில் கிடைக்கிறது. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற பாதிரியார் விவிலியத்தைக் கோத்திய பாஷையில் மொழிபெயர்த்தபோது, வைத்தியனுக்கு ‘லேக்கீஸ்’ என்ற சொல்லையே எழுதினார். லூக்கா சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தில், வைத்தியனை விளித்து முதலில் உன்னைக் குணப்படுத்திக்கொள் என்று சொல்லும் பழமொழி ஒன்று வருகிறது. அந்த இடத்தில் உல்ஃபிலாவின் மொழிபெயர்ப்பில் இருக்கும் சொல்லும், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலச் சுவிசேஷத்தில் இருக்கும் சொல்லும், 14ஆம் நூற்றாண்டில் விக்ளிஃபின் பெயரால் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் இருக்கும் சொல்லும் ஒரே வித்திலிருந்து முளைத்தவை. ஸ்லாவிய ஜாதியாரும் இந்தச் சொல்லை ஜெர்மானியரிடமிருந்து பழங்காலத்திலேயே கடன் வாங்கிக்கொண்டார்கள் என்று அறிஞர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். ரஷ்யரின் ‘லேகர்’, போலந்துக்காரரின் ‘லேகாஷ்’ என்பவை அப்படி வந்தவை. பின்லாந்துக்காரர்களின் பாஷை முற்றிலும் வேறு குடும்பத்தது; அவர்களும் ஸ்வீடிஷிலிருந்து எடுத்து ‘லாக்காரி’ என்கிறார்கள்.

இத்தனை தேசங்களில், இத்தனை நூற்றாண்டுகளாக, இந்தச் சொல்லுக்கு நோய் தீர்ப்பவன் என்பதே பொருள். அப்படியானால் அட்டைக்கு அங்கெல்லாம் என்ன பெயர் என்று கேட்கவேண்டும். கதை சொல்கிறவர்கள் கேளாமல் விட்ட கேள்வி இதுவே. ஸ்வீடனில் அட்டைக்கு ‘ஈகல்’ என்று பெயர். ஜெர்மனியில் இரத்தம் என்ற சொல்லை முன்னே சேர்த்துப் ‘புளூட்டேகல்’ என்கிறார்கள். ‘லேக்கரே’ என்பதற்கும் ‘ஈகல்’ என்பதற்கும் ஒலியில் யாதொரு சம்பந்தமும் இல்லை. அட்டையிடமிருந்து வைத்தியன் பெயர் பெற்றது மெய்யானால், அட்டையை அப்பெயரால் அழைத்தே அறியாத ஸ்வீடன்காரனும் ஐஸ்லாந்துக்காரனும் தங்கள் வைத்தியனுக்கு அந்தப் பெயரை எங்கிருந்து எடுத்தார்கள்? தாய் இல்லாத வீட்டில் பிள்ளை பிறந்தது என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

இனி, ஆங்கிலத்தில் மட்டும் புழுவுக்கு அப்பெயர் வந்தது எப்படி என்பதைப் பார்க்கலாம். பழைய ஆங்கிலத்தில் லத்தீன் சொற்களுக்குப் பொருளெழுதி வைத்த சுவடிகளில், இரத்தம் உறிஞ்சும் புழுவுக்கும் ‘லேச்சே’ என்று எழுதப்பட்டிருக்கிறது. இதை நான் மறைக்கவில்லை. எதிர்க்கட்சியாருக்கு இருக்கும் ஒரே பழம்பிரமாணம் இதுதான். ஆனால் அதே பழைய ஆங்கிலத்தில் புழுவுக்கு ‘லுச்சே’ என்று வேறு உயிரொலியுடைய ஒரு வடிவமும் காணப்படுகிறது. அண்டையிலுள்ள டச்சுக்காரர்களின் இடைக்கால பாஷையில் ‘லீகெ’ என்ற வடிவம் வருகிறது. வைத்தியனைக் குறிக்கும் சொல்லிலிருந்து இந்த உயிரொலிகளை வருவிப்பது கடினம். ஆகவே புழுவின் பெயர் ஆதியில் வேறொரு சொல்லாக இருந்து, ஒலியின் நெருக்கத்தாலும், அந்தப் புழு சிகிச்சைக்கு உதவியமையாலும், ஜனங்களின் நாவில் வைத்தியனுடைய பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கவேண்டும் என்று ஆக்ஸ்போர்டு பேரகராதி கருத்துத் தெரிவிக்கிறது. அப்படியன்று, இரண்டும் ஒரே சொல்தான் என்று சாதிப்பவர்களும் இருக்கிறார்கள், இருக்கட்டும். அவர்களுடைய கட்சியை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், நோய் தீர்ப்பவன் என்ற பொருள் கோத்தியர் முதல் ஐஸ்லாந்துக்காரர் வரையில் பரந்து கிடக்க, புழு என்ற பொருள் ஆங்கிலத்திலும் அதன் அண்டையிலும் மாத்திரமே காணப்படுவதால், முன்னது மூத்தது என்றும், நோயாளிக்கு நன்மை செய்யும் புழு என்ற எண்ணத்தால் வைத்தியனுடைய பெயர் பின்னால் புழுவுக்குச் சென்றது என்றும்தான் முடிவுகட்ட வேண்டியிருக்கும். எந்த வழியாகப் போனாலும், புழு வைத்தியனுக்குப் பெயர் கொடுத்தது என்ற ஊருக்குப் போய்ச் சேர வழியில்லை.

ஒலி ஒன்றாயிருப்பதைக் கண்டு உறவு கொண்டாடுவது எவ்வளவு அபாயம் என்பதற்குத் தமிழனுக்கு வெளியே உதாரணம் தேடவேண்டாம். இரத்தம் உறிஞ்சும் பிராணியையும் அட்டை என்கிறோம். புஸ்தகத்துக்குப் போடும் கெட்டியான மேலுறையையும் அட்டை என்கிறோம். நாளைக்கு ஒருவர் தோன்றி, அட்டை உடம்பில் ஒட்டிக்கொள்வதுபோல் புஸ்தகத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதால் மேலுறைக்கு அட்டை என்று பெயர் வந்தது என்று சொன்னால், கேட்பதற்கு எவ்வளவோ பொருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பொருத்தத்தையே பிரமாணமாக யாராவது கொள்வார்களா? ஆங்கிலத்திலேயே மூன்றாவதாக ஒரு ‘லீச்’ உண்டு. கப்பற்பாயின் ஓர விளிம்புக்குக் கப்பலோட்டிகள் வழங்கும் பெயர் அது. அது வேறு வேரிலிருந்து வந்த வேறு சொல். பாயின் விளிம்பு காற்றின் இரத்தத்தை உறிஞ்சுகிறது என்று இதுவரை ஒருவரும் கதை கட்டவில்லை. வைத்தியன் விஷயத்தில் மாத்திரம் கட்டிவிட்டார்கள். ஒரு சொல்லுக்கு அந்தப் பொருள் ஏன் வந்தது என்பது கண்ட மாத்திரத்தில் விளங்கிவிடாது என்று தொல்காப்பியர் உரியியலில் எச்சரித்திருக்கிறார். சொல்லாராய்ச்சியில் இறங்கும் ஒவ்வொருவனும் தன் மேசைமேல் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை அது.

காலக்கணக்கும் இந்தக் கதைக்கு விரோதமாகவே நிற்கிறது. கதை சொல்கிறவர்களுடைய மனக்கண்ணில் இருப்பது, ஜாடி ஜாடியாக அட்டைகளை வைத்துக்கொண்டு நோயாளியின் உடம்பெல்லாம் ஒட்டவிடும் ஒரு வைத்தியனுடைய உருவம். அந்த உருவம் 19ஆம் நூற்றாண்டுக்கு உரியது. பிரான்சில் புரூஸே என்ற வைத்தியர், பெரும்பாலான வியாதிகளுக்குக் குடலின் அழற்சியே காரணம் என்று ஒரு சித்தாந்தத்தை ஸ்தாபித்து, அட்டை விடுவதையே பிரதான சிகிச்சையாக்கினார். அவருடைய செல்வாக்கு ஓங்கியிருந்த காலத்தில், 1833ஆம் வருஷத்தில் மட்டும், அந்தத் தேசத்தில் 4 கோடிக்கு மேற்பட்ட அட்டைகள் இறக்குமதியாயின என்று கணக்குச் சொல்கிறார்கள். ஆனால் ஆங்கிலத்தில் வைத்தியனை ‘லீச்’ என்று வாய்ப்பேச்சில் சொல்லும் வழக்கம் அதற்கு நெடுநாளைக்கு முன்பே அருகிவிட்டது. ஸ்காட் தம்முடைய சரித்திர நாவல்களிலும், ஹாதார்ன் 17ஆம் நூற்றாண்டுப் பாஸ்டனைச் சித்திரிக்கும் நாவலிலும் அச்சொல்லை எடுத்தாண்டது, அது பழைய சொல் என்பதனாலேயே, கதைக்குப் பழமையின் வாசனையை ஊட்டுவதற்காகவே. இடைக்காலத்தில் இரத்தம் வாங்குவது பெருவழக்காக இருந்தது உண்மைதான். அதற்குப் பெரும்பாலும் கத்தியும் கிண்ணமுமே பயன்பட்டன. அட்டை அவற்றோடு சேர்ந்த ஒரு சாதனமேயன்றி, ஒரு தொழில் முழுவதற்கும் பெயர் கொடுக்கத்தக்க பிரதானம் அதற்கு இருந்ததில்லை.

அட்டை விடுவதால் வைத்தியனுக்கு அட்டை என்று பெயர் வருமானால், அது முதன்முதலில் நம்முடைய தேசத்தில் அல்லவா வந்திருக்கவேண்டும்? சுசுருத சம்ஹிதையில் அட்டை விடுவதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. விஷமுள்ளவை ஆறு, விஷமில்லாதவை ஆறு என்று பன்னிரண்டு வகைகளைப் பிரித்து, அவற்றைப் பிடிக்கும் விதத்தையும், வளர்க்கும் விதத்தையும், குடித்த இரத்தத்தைக் கக்க வைக்கும் விதத்தையும் அது விஸ்தாரமாகச் சொல்கிறது. சித்த வைத்தியத்திலும் அட்டை விடல் உண்டு. அப்படியிருந்தும் நாம் வைத்தியனை அவனுடைய வித்தையாலும் மருத்துவனை அவனுடைய மருந்தாலும் பெயரிட்டோமேயன்றி, அவன் ஜாடியில் கிடந்த பிராணியால் பெயரிடவில்லை.

பின்னே அந்தச் சொல் ஆங்கிலத்தில் தாழ்ந்துபோனதற்குக் காரணம் என்ன? புழுவின் அருவருப்புத்தான் காரணம் என்பார்கள். அதற்கும் ஓரளவு பங்கு இருந்திருக்கலாம்; பிரதான காரணம் வேறு. பிரெஞ்சு பேசும் பிரபுக்களும் லத்தீன் எழுதும் சர்வகலாசாலைகளும் இங்கிலாந்தின் மேல்தட்டை ஆண்ட காலத்தில், இயற்கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த ‘பிஸிஷியன்’ என்பதும், கற்பிப்பவன் என்று பொருள்படும் லத்தீன் ‘டாக்டர்’ என்பதும் உள்ளே நுழைந்தன. சாஸர் தம்முடைய ‘கான்டர்பரி கதைகள்’ என்ற நூலில் யாத்திரை போகிறவர்களோடு சேர்த்த வைத்தியனுக்கு ‘டாக்டர்’ என்ற பட்டத்தையே கொடுத்தார். நாட்டுச் சொல்லையும் பிற இடங்களில் வழங்கினார். 1518இல் எட்டாம் ஹென்றி அரசன் லண்டனில் வைத்திய சங்கத்துக்குச் சாசனம் அளித்தபோது, அதன் அங்கத்தினர்கள் ‘பிஸிஷியன்’கள் ஆனார்கள். பழைய சொல் வீதியில் நின்றது; குதிரைக்கு வைத்தியம் செய்கிறவன் குதிரை லீச்சாகவும், மாட்டுக்கு வைத்தியம் செய்கிறவன் மாட்டு லீச்சாகவும் கிராமங்களில் வெகுகாலம் இருந்தார்கள். 1611இல் அரசன் ஜேம்ஸின் ஆணையால் வெளிவந்த விவிலியத்தில், நான் முன்னே சொன்ன லூக்கா வசனத்தில் வைத்தியன் ‘பிஸிஷியன்’ ஆகிவிட்டான். நீதிமொழிகளின் முப்பதாம் அதிகாரத்தில் இரண்டு பெண்களையுடையதாகச் சொல்லப்படும் அட்டைதான் அந்தச் சொல்லைத் தாங்கி நிற்கிறது. மனிதன் காலி செய்த வீட்டில் புழு குடியேறியது என்பதே நடந்த விஷயம்.

இது நமக்கு விளங்காத விஷயமன்று. நம் கண்ணெதிரிலேயே நடந்திருக்கிறது. தமிழ்நாட்டில் இங்கிலீஷ் வைத்தியம் வந்து ‘டாக்டர்’ என்ற சொல் நிலைத்த பிறகு, ‘வைத்தியர்’ என்பது மெல்ல மெல்ல இறங்கி, நாட்டு வைத்தியர், எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியர் என்று அடைமொழியோடு நிற்கவேண்டியதாயிற்று, எம்.பி.பி.எஸ். படித்த ஒருவரை ‘வைத்தியரே’ என்று அழைத்தால் முகம் சுளிப்பவர்கள் இங்கே உண்டு. கடலைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ போனால், சர்க்கார் ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகையில் ‘வைத்தியசாலை’ என்றே எழுதியிருக்கிறது. அறுவைச் சிகிச்சையில் நிபுணரான பட்டதாரியும் அங்கே வைத்தியர்தான். ஒரே சொல், பாக்கு நீரிணையின் ஒரு கரையில் மதிப்பிழந்து, மறு கரையில் மதிப்போடு வாழ்கிறது. வடகடலின் ஒரு கரையில் ‘லீச்’ வீழ்ந்ததும், எதிர்க்கரையில் ‘லேகெ’ இன்றளவும் மரியாதையோடு இருப்பதும் இதே மாதிரிதான். வைத்தியர் என்ற சொல் இங்கே தாழ்ந்ததற்கு எந்தப் புழுவும் காரணமாயிருக்கவில்லை.

ஹாதார்னுடைய அத்தியாயத் தலைப்பில் சிலேடை இல்லையா என்று கேட்பவர்களுக்கு, இருக்கலாம் என்றே சொல்வேன். அவர் எழுதிய காலத்தில் அச்சொல் புழுவைக் குறித்தது. பாதிரியாரின் உயிரை உறிஞ்சும் பாத்திரத்துக்கு அந்தத் தலைப்பு பொருந்துவதை அவ்வளவு நுட்பமான ஆசிரியர் கவனிக்காமல் இருந்திருக்கமாட்டார். ஆனால் சிலேடை என்பது இரண்டு பொருள்கள் ஒரு சொல்லில் சந்திப்பதால் உண்டாகும் அலங்காரம். அவற்றில் எது எதைப் பெற்றது என்பதற்கு அது சாட்சியாகாது. அந்த நாவலிலுங்கூடச் சில்லிங்வொர்த் அட்டை பிடித்துத் திரிவதில்லை. செவ்விந்தியரிடம் கற்ற மூலிகை வித்தையோடு, பச்சிலையும் வேரும் பறித்துக்கொண்டுதான் வருகிறான்.

இவ்வளவு சிறிய விஷயத்துக்கு இத்தனை வாதம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இந்தக் கதை ஒரு சொல்லைப் பற்றியதோடு நின்றுவிட்டால் நானும் பேசாமல் இருந்துவிடுவேன். ஆயிரம் வருஷங்களாக நோயாளிகளின் படுக்கையருகே இரவெல்லாம் விழித்திருந்த ஒரு வர்க்கத்தார் அத்தனை பேரையும், இரத்தம் உறிஞ்சும் மூடர்கள் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவதற்கு அது கருவியாகிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ‘பால்டின் லீச் புத்தகம்’ என்று ஒரு சுவடி இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டில், லத்தீனில் அல்ல, பழைய ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டது. இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூல்நிலையத்தில் பாதுகாக்கப்படுகிறது. பால்ட் என்பவர் அதற்குச் சொந்தக்காரர் என்றும், சில்ட் என்பவரை எழுதச் சொன்னார் என்றும் அதன் குறிப்பு ஒன்று தெரிவிக்கிறது. அதில் கண்ணிமைக் கட்டிக்கு ஒரு மருந்து சொல்லியிருக்கிறது: வெள்ளுள்ளியையும் அதன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு பூண்டையும் சம எடையாக எடுத்து நன்றாக இடித்து, திராட்சை மதுவும் மாட்டுப் பித்தமும் சேர்த்து, பித்தளைப் பாத்திரத்தில் ஒன்பது நாள் வைத்திருந்து, துணியில் வடிகட்டி, இரவில் இறகால் தொட்டுக் கண்ணில் இடவேண்டும். நாட்டிங்ஹாம் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் அதை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றித் தயாரித்து, பல மருந்துகளுக்கு அடங்காத ஒருவகைக் கிருமியின்மேல் பரீக்ஷை செய்தார்கள். அது அந்தக் கிருமிகளைப் பெருவாரியாகக் கொன்றதென்று 2015இல் அறிவித்தார்கள். அந்தச் சரக்குகளைத் தனித்தனியே இட்டபோது அவ்வளவு பலன் இல்லை. சேர்த்து வைத்தபோதே கிடைத்தது. பழைய வைத்தியன் சொன்னதெல்லாம் பலித்தது என்பது என் வாதமன்று. அதே சுவடியில் வெறும் மந்திரங்களும், பயனில்லாத பிரயோகங்களும் இருக்கின்றன. ஆனால் எடையும் பாத்திரமும் நாளும் குறித்து மருந்து எழுதி வைத்தவனை அட்டைக்காரன் என்று சொல்லித் தள்ளுவது நியாயமாகாது.

மந்திரம் என்றதும் இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. வைத்தியனைக் குறிக்கும் அந்தச் சொல்லுக்கு மூலதாது எது என்பதில் அறிஞர்கள் ஒருமுகமாக இல்லை. அயர்லாந்துக்காரரின் பழைய பாஷையில் வைத்தியனுக்கு வழங்கிய ‘லியாக்’ என்ற சொல்லோடு அதைச் சம்பந்தப்படுத்துகிறவர்கள் சிலர். வேறு சிலர், சேர்த்தல், சொல்லுதல் என்ற பொருளுடைய ஆதி தாதுவிலிருந்து அதை வருவித்து, மந்திரச் சொற்களை உச்சரித்து நோயை விரட்டுகிறவன் என்பதே முதற்பொருள் என்கிறார்கள். ரஷ்ய பாஷையில் டாக்டருக்கு வழங்கும் இன்னொரு பெயரான ‘விராச்’ என்பதும் பேசுதல் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. மணி, மந்திரம், ஔஷதம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய நமக்கு இது விநோதமாகத் தோன்றாது. இந்த இரண்டு கட்சிகளில் எது வென்றாலும், அட்டைக்கு அங்கே இடமில்லை.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை முன்னே வைத்துக் கட்டிய தொகைச் சொற்கள் பல இருந்தன. மருந்துக்கு ‘லேச்சேதோம்’ என்று பெயர். வைத்திய நூலுக்கு ‘லேச்சேபோக்’ என்று பெயர். மோதிர விரலுக்கு ‘லேச்சேஃபிங்கர்’ என்று பெயர். லீச் என்றால் அட்டை என்று முடிவு செய்தவர் இந்தக் கடைசிச் சொல்லுக்கு என்ன பொருள் சொல்வார்? அட்டைவிரல் என்று ஒரு விரல் எந்தத் தேசத்திலும் இல்லை. லத்தீனில் அந்த விரலுக்கு வைத்திய விரல் என்று பெயர் இருந்தது. அதை அப்படியே தங்கள் சொல்லால் பெயர்த்துக்கொண்டார்கள் ஆங்கிலேயர்கள். 636இல் காலமான செவில் நகரத்து அத்தியக்ஷர் இசிதோர் என்பவர், சொற்களின் பிறப்பைப் பற்றி எழுதிய தம்முடைய பெருநூலில் இந்த விரலின் பெயருக்கும் காரணம் சொல்லியிருக்கிறார்: கண்ணுக்கு இடும் மருந்தைக் கல்லில் அரைத்த பிறகு, வைத்தியர்கள் அதை வழித்தெடுப்பது இந்த விரலால்தானாம்.